சொன்னதைச் சொன்னவன்

என் தங்கையின் மகன் சென்ற மாதம் வெளிநாட்டுக்கு ஒரு சிறு பயணம் போவதற்கு விசாவுக்கு விண்ணப்பித்தான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, ஒரு கையால் இடியப்பத்தைக் குழைத்தபடி மறு கையால் கைபேசியைத் தட்டினான். சொதி ஆறுவதற்குள் முடித்துவிட்டான். ஆர் உன்னைக் கேள்வி கேட்டது என்று விசாரித்தேன். “ஒருத்தரும் கேக்கேல்லை மாமா. பெட்டிக்குள்ள டிக் போட்டால் சரி” என்றான். என் தொழில் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டதை அப்போதுதான் கண்டேன்.

இதை எங்கள் பழைய மாணவர் சங்க மலரின் ஆசிரியரிடம் சொன்னது என் பிழை. உடனே பிடித்துக்கொண்டார். “அண்ணை, உங்கட தூதரகக் கதையளை எழுதித் தாங்கோ. பகிடியா, சிரிக்கிற மாதிரி இருக்கவேணும். போன முறை ஒராள் தன்ர இருதய ஒப்பரேசனை எழுதி, வாசிச்ச சனமெல்லாம் பயந்து போச்சினம்” என்றார். பகிடியாகவே எழுதுகிறேன். கடைசிப் பகுதிக்கு மட்டும் உத்தரவாதம் தர ஏலாது.

நான் லண்டனுக்கு வந்தது கணக்கியல் படிக்க. இறுதிப் பரீட்சையை எத்தனை தடவை எழுதினேன் என்றால், விடைத்தாள் திருத்துபவர் என் கையெழுத்தைக் கண்டதும் சுகம் விசாரித்திருப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் படிப்பைக் கைவிட்டு, ஒரு ஐரோப்பிய நாட்டின் தூதரகத்தில் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அவர்களுடைய ஓய்வூதியம் இன்னமும் வருகிறது.

சில வருடங்களில் எங்கள் சனம் லண்டனில் பெருகியது. அதே சனத்தின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் ஐரோப்பா முழுவதும் சிதறினார்கள். லண்டனில் அகதியாக ஏற்கப்பட்டவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இராது. அரசாங்கம் கொடுத்த ஒரு பயணப் பத்திரம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போவதென்றாலும் விசா வேண்டும். ஆகவே எங்கள் தூதரக வாசலில் விடியற்காலை முதல் வேட்டி கட்டாத ஒரு யாழ்ப்பாணம் வரிசையில் நின்றது. விசாப் பகுதியில் அவர்கள் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. கணக்குப் பகுதியில் இருக்கும் கறுத்த மனிதருக்கு இந்த மொழி தெரியுமாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஒரு பிற்பகல் பயிற்சி தந்து, என்னைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

விசா அதிகாரி மெலிந்து உயர்ந்த மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு இரண்டு விசயங்களில் தீராத பகை: ஒன்று மழை, மற்றது ஸ்டேப்பிள் ஊசி. தைத்துக் கொண்டுவந்த கடதாசியை அவர் நம்பமாட்டார். அடியில் எதையோ மறைக்கத்தான் தைத்திருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு ஊசியாகக் கழற்றி, ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுவார். பிறகு கடதாசிகளை மேசையில் பரப்புவார். முதலில் வாசிப்பது அங்கிருந்து அழைப்பவரின் கடிதம். அதில் அந்த ஊர் நகரசபையின் முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடுத்தது வேலைக் கடிதம், வங்கிக் கூற்று. விண்ணப்பப் படிவத்தைக் கடைசியாகத்தான் தொடுவார். திரும்பி வரும் பயணச்சீட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார். பயணச்சீட்டை யாரும் மாற்றலாம், ஒருவர் வாயால் சொன்னதை மாற்றுவது கடினம் என்பார்.

கடைசியில் பேனா. விசா கிடைக்குமென்றால் பேனாவைத் திறந்தபடியே வைத்துப் படிவத்தில் எழுதத் தொடங்குவார். இல்லையென்றால் பேனாவின் மூடியை மெதுவாகப் போட்டு, ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று ஆரம்பிப்பார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த எங்கள் சனம் இதை ஒரே கிழமையில் படித்துவிட்டது. “என்ன மாதிரி?” என்று வாசலில் நிற்பவர் கேட்க, வெளியே வருபவர் “மூடி போட்டிட்டான்” என்பார். அவருக்கு மூடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டார். மதிப்புக்குரியவர் என்று சொன்னேன். நான் வேலையில் செய்த முதல் பொய் மொழிபெயர்ப்பு அதுதான். பொய் பேசியதற்காக நான் வருந்துவதில்லை. உண்மை பேசிய ஒரு நாள்தான் என்னை வருத்துகிறது. அதற்கு வருகிறேன்.

முதல் கிழமையில் அவர் எனக்கு ஒரு விதி சொன்னார். “அவர்கள் சொன்னதை மட்டும் சொல். கூட்டாதே, குறைக்காதே. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.” எனக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போனது. கணக்கில் தோற்றவனுக்கு இங்கே ஒரு கணக்குக் கிடைத்தது: இந்தப்பக்கம் போன சொல்லுக்குச் சமமாக அந்தப்பக்கம் ஒரு சொல்.

அது எப்போதும் சுலபமாக இருக்கவில்லை. ‘ஒண்டவிட்ட அண்ணை’யை முதல் தடவை மொழிபெயர்த்தபோது, ஒருவரைக் கைவிட்டுப்போன அண்ணன் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். சம்பந்திக்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை. மகளுடைய மாமனாருக்கு நான் யார் என்று கேட்டால் ஒரு வெள்ளைக்காரன் யோசித்துவிட்டு, ஒருவருமில்லை என்பான். எங்கள் அதிகாரி மை உறிஞ்சும் தாளில் படம் கீறிப் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டார். பின்னொரு காலத்தில் அவருடைய மகளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனை அலுவலகத்துக்கு அழைத்து வந்து, “இவர் என் சம்பந்தி” என்று எனக்கு அறிமுகப்படுத்தினார். அந்த மனிதர் தன்னை ஏதோ வைதுவிட்டார்கள் என்று நினைத்திருக்கவேண்டும்; முகம் சிவந்துபோனது.

ஒரு முறை லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் பலசரக்குக் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் கலியாணத்துக்குப் போக விசா கேட்டார். மணமகளைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியாது. மணமகனை? தெரியாது. அப்படியானால் எதற்குப் போகிறாய்? இளைஞர் என்னைப் பார்த்து, இதெல்லாம் ஒரு கேள்வியோ என்ற முகத்தோடு, “எங்கட கலியாணத்துக்கு அவையின்ர ஆக்கள் வந்தவை. நாங்கள் போகாட்டி என்ன மரியாதை?” என்றார். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அதிகாரி படிவத்தைக் கிட்டே இழுத்தார். பிறகு திறந்த பேனாவால் எழுதத் தொடங்கினார். பொய் சொல்லுகிறவன் இதைவிட நல்ல கதையோடு வந்திருப்பான் என்றார். அன்றிலிருந்து என் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. சொல்லுக்குச் சொல் கொடுத்தால் போதும், உண்மை தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிவிட்டேன்.

கனத்த தலைக்கு ஏற்ற பேச்சும் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று எங்கட, உங்கட என்று பேசினால் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் சலுகை கேட்பார்கள் என்று பயந்தேன். அதனால் விண்ணப்பதாரர்களிடம் சுத்தமான எழுத்துத் தமிழில் பேசுவதை வழக்கமாக்கினேன். ‘தங்கள் பயணத்தின் நோக்கம் யாது?’ ‘தாங்கள் அங்கு எங்கு தங்குவீர்கள்?’ வீட்டில் என் மனைவியிடம் ஒரு நாள் வாய் தவறி, உப்பு எங்கு உள்ளது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள், மனோன்மணி அம்மா என்று நான் இங்கே அழைக்கப்போகும் ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். அறுபது தாண்டிய வயது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் மகனுடைய குடும்பத்தோடு இருந்தார். அவருடைய ஒரே மகள் எங்கள் தூதரகத்தின் நாட்டில் இருந்தாள். கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்தது. முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. மருமகனுக்கு ஒரு ரெஸ்ரோறன்ற் சமையலறையில் இரவு வேலை. அவர்கள் இருந்த சிறு பட்டினத்தில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. பிள்ளைப்பேறு நேரம் மகளோடு நிற்கவேண்டும். தாய் கேட்டது அவ்வளவுதான்.

கடதாசிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு ஊசிகூட இல்லை. மகன் விசாரித்து வைத்திருக்கிறான். அதிகாரி வந்து என் பக்கத்தில் இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மையாரே, தாங்கள் எக்காரணம் பற்றி அந்நாட்டுக்குச் செல்ல விரும்புகிறீர்கள்?” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நீர் என்ன, றேடியோவில செய்தி வாசிக்கிறனீரோ?” என்றார். பின்னால் கதிரைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பு உற்சாகம் தந்துவிட்டது. “அப்பிடியே நாளைக்கு மழையோ வெயிலோ எண்டும் சொல்லிவிடும். உடுப்புக் காயப்போட்டிட்டு வந்தனான்.”

அறை முழுவதும் அதிர்ந்து சிரித்தது. ஒரு பிள்ளையை மடியில் வைத்திருந்த மனிதர் கண்ணைத் துடைத்தார். என்ன சிரிப்பு என்று அதிகாரி கேட்டார். விண்ணப்பதாரர் காலநிலை பற்றி விசாரிக்கிறார் என்றேன். அது சரியான மொழிபெயர்ப்பு. அதிகாரிகூட மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் புன்னகைத்தார். சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

கேள்விகள் தொடர்ந்தன. மகள் பெயர், மருமகன் வேலை, வீட்டில் எத்தனை அறை. எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். கடைசியாக அதிகாரி எப்போதும் கேட்கும் கேள்வி வந்தது. நான் அதை என் தமிழில் கேட்டேன்: “தாங்கள் மகளின் இல்லத்தை விட்டு எத்திகதியில் நீங்குவீர்கள்?”

மனோன்மணி அம்மாவின் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. “என்ன தம்பி கேள்வி இது? பிள்ளைப்பெறப் போற வீட்டுக்குப் போறன். இன்னும் பிள்ளை பிறக்கேல்லை. அதுக்கு முந்தி நான் வெளிக்கிடுற நாளை வாயால சொல்லுறதோ? நான் சொல்லமாட்டன்.”

இதை வாசிக்கும் உங்களில் ஒருவருக்கும் நான் விளக்கம் எழுதத் தேவையில்லை. ஒரு தடவை வயிறு வெறுமையாகிப் போன மகள். அவள் பெற்று எழும்பும் முன்னால், நான் இன்ன நாள் கிளம்பிவிடுவேன் என்று எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டாள். அப்படிச் சொல்வது பிள்ளைக்கே கூடாது என்று நினைப்பார்கள். திரும்பி வரும் திகதி பயணச்சீட்டில் இருந்தது, படிவத்திலும் மகனின் கையெழுத்தில் இருந்தது. அதை உச்சரிக்கத்தான் அவர் மறுத்தார். எனக்கு இது அவர் பேசி முடிக்கும் முன்பே விளங்கியது.

நான் ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொன்னது இதுதான்: பிள்ளை பிறக்கும் முன்னர் தான் புறப்படும் நாளைச் சொல்லமாட்டேன் என்கிறார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “சொல்ல மறுக்கிறாரா?”

அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டார் என்று இப்போது தெரிகிறது. ஒரு வசனம் போதும். ‘ஐயா, எங்கள் வழக்கம் அப்படி, திகதி படிவத்தில் இருக்கிறது’ என்றிருந்தால் அவர் படிவத்தைப் புரட்டியிருப்பார். சம்பந்தி என்ற சொல்லுக்குப் படம் கீறிய மனிதர் அவர். நான் நிமிர்ந்து நின்று, “அவர் சொன்ன சொற்கள் அவைதான், ஐயா” என்றேன். என் காதில் அந்தச் சிரிப்பு இன்னமும் இருந்தது.

அவர் மூடியைப் போட்டார்.

நான் மனோன்மணி அம்மாவிடம், தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று அறிவித்தேன். “நான் என்ன பிழையாச் சொன்னனான் தம்பி?” என்று கேட்டார். காரணம் கூற எமக்கு அனுமதியில்லை என்றேன். அதுவும் விதிப்படி சரி. அவர் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தார். பின்னால் இருந்த சனம் அவருக்கு வழி விட்டது. மூடி போட்டிட்டானோ என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை விம்பிள்டன் வீட்டில் இதை மனைவிக்கு ஒரு பகிடியாகத்தான் சொன்னேன். செய்தி வாசிக்கிற கதையைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உப்புக் கதைக்கு அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாயிற்று. பிறகு, மனிசிக்கு விசா கிடைச்சதோ என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“எங்கட மூத்தவன் பிறக்கேக்க உங்கட அம்மா வந்து நிண்டவ. எப்ப போறீங்கள் எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?”

இல்லை என்றேன். அம்மா வந்தபோது மரங்களில் இலை இருந்தது. இலை உதிர்ந்து, பனி பெய்து, மறுபடி துளிர்த்த பிறகுதான் கிளம்பினார். மனைவிக்கும் அவருக்கும் சமையலறையில் நடந்த போர்களுக்கு நடுவிலும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

“ஏன் கேக்கேல்லை?”

“பெத்த தாயிட்ட எப்பிடிக் கேக்கிறது?”

“அப்ப அந்த மனிசியிட்ட எப்பிடிக் கேட்டனீங்கள்?” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

மறுநாள் அதிகாரி கோட்டைக் கழற்றும் முன்பே அவருடைய அறைக்குள் போனேன். வழக்கத்தை விளக்கினேன்.  இது எனக்கு நேற்றே தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்றார். கூட்டாதே குறைக்காதே என்ற அவருடைய விதியை அவருக்கே நினைவூட்ட வாயெடுத்தேன், வரவில்லை. அந்த அம்மா என்னை எல்லோர் முன்னாலும் பகிடி பண்ணினார் என்றேன். இவ்வளவு வயதானவன் இந்த வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது, பள்ளிக்கூடப் பிள்ளை ஆசிரியரிடம் முறையிடுவதுபோல் இருந்தது.

அவர் திட்டவில்லை. சன்னலுக்குப் போய் வெளியே மழையைப் பார்த்தார். “விதி நல்ல விதிதான்,” என்றார். “அதை நான் ஒரு நேர்மையான ஆளுக்குக் கொடுத்ததாக நினைத்திருந்தேன்.” பிறகு ஒரு கடதாசியை எடுத்து, மீண்டும் விண்ணப்பிக்கும்படி மனோன்மணி அம்மாவுக்குத் தானே கடிதம் எழுதினார். ஆனால் ஒரு தடவை மறுத்த விண்ணப்பத்தைத் திறக்க அவர்களுடைய தலைநகரத்தின் அனுமதி வேண்டும். அது வந்து சேரக் கிழமைகள் ஆயின. பிள்ளை அதுவரை காத்திருக்கவில்லை.

மனோன்மணி அம்மா மறுபடி வந்த நாளுக்கு நான் ஆயத்தமாகவே இருந்தேன். ரயிலில் வரும்போது வசனங்களை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். செய்தி வாசிக்கும் தமிழில் அல்ல, எங்கட தமிழில். அம்மா, பிழை உங்களிலை இல்லை, என்னிலை. இவ்வளவுதான்.

அதிகாரி உள்ளே கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கிட்டே, இரு பக்கமும் நாங்கள் இருவரும்தான். பிள்ளை சுகமோ என்று நான் கேட்டேன்.

“ஓம் தம்பி, பெடியன். ரெண்டு பேரும் சுகம்” என்றார். “மருமோன் வேலையில நிண்ட நேரம் இவளுக்கு நோவு கண்டிட்டுது. மேல் வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. அதுக்கு இவளின்ர பாசை தெரியாது, இவளுக்கு அதின்ர பாசை அரைவாசி. ஆஸ்பத்திரிப் போனில இருந்து அம்மா, அம்மா எண்டு கூப்பிட்டவள். நான் பார்க்கிங்கில நிண்டு ஓமடி, ஓமடி எண்டனான். வேற என்ன செய்ய ஏலும்?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“நான் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு இத்தனை சனத்துக்கு முன்னால உம்மைப் பகிடி பண்ணிப்போட்டன். உம்மட வேலையிடத்தில, உம்மட துரைக்குப் பக்கத்தில வைச்சு. என்ர வாய் அப்பிடி. வீட்டிலயும் ஏச்சு வாங்கிறனான். அந்த மனிசன் அதைக் கண்டுதான் என்னைப் பற்றிப் பிழையா நினைச்சிருக்கவேணும். நீர் எனக்காக எவ்வளவு சொல்லிப் பாத்திருப்பீர். கடிதம் வந்தோடன மகனிட்டச் சொன்னனான், அந்தத் தம்பிதான் கதைச்சிருக்கிறார் எண்டு. மனதில ஒண்டும் வைச்சிருக்காதையும். என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

உள்ளே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதிகாரி கோப்போடு வந்து இருந்தார். அவரிடம் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவன். அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே இருந்த இருவரில் உண்மை தெரிய வேண்டியவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தார். என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன். மனோன்மணி அம்மா என் பதிலுக்காகக் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து காத்திருந்தார்.

“பரவாயில்லை அம்மா” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அதிகாரி திறந்த பேனாவால் எழுதினார். நான் பயணப் பத்திரத்தைத் துவாரத்தின் வழியாகத் தள்ளிவிட்டு, அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.